சங்கிலி எப்போது புரதமாகிறது?

அமினோ அமிலங்கள் ஒன்றோடொன்று இணைந்து நீண்ட சங்கிலியாகின்றன. அந்தச் சங்கிலி மடிந்து புரதமாகிறது. பள்ளிப் பாடத்தில் எல்லோரும் படித்திருக்கக்கூடிய இந்த விளக்கத்தில் பிழையேதும் இல்லை. ஆனால் உயிர்வேதியியலைக் கற்பித்து வரும் எனக்கு, முதலில் இணைப்பு, பிறகு மடிப்பு என்று இரண்டு தனித்தனிக் கட்டங்களாக அதைப் பிரித்துச் சொல்வதில் வெகுநாளாகவே உடன்பாடில்லை. செல்லுக்குள் அந்த இரண்டும் பெரும்பாலும் ஒரே வேளையில் நடக்கின்றன. எந்த இணைப்பு எப்போது நிகழ்ந்தது, எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது என்பதும் மடிப்பின் விதியைத் தீர்மானிக்கிறது. இதை விளங்கிக்கொள்ள அடிப்படையிலிருந்தே தொடங்க வேண்டும்.

அமினோ அமிலத்தின் நடுவில் ஒரு கார்பன் அணு இருக்கிறது. அதன் நான்கு கைகளில் ஒன்றில் அமினோ தொகுதி, இன்னொன்றில் கார்பாக்சில் தொகுதி, மூன்றாவதில் ஒரு ஹைட்ரஜன். நான்காவது கையில் இருக்கும் பக்கத்தொகுதிதான் ஒரு அமினோ அமிலத்தை மற்றொன்றிலிருந்து வேறுபடுத்துகிறது. கிளைசினில் அந்த இடத்தில் வெறும் ஹைட்ரஜன். டிரிப்டோஃபானில் இரண்டு வளையங்கள் ஒட்டிய பருத்த அமைப்பு. லூசின், வாலின் ஆகியவற்றின் பக்கத்தொகுதிகள் எண்ணெய்த் தன்மை கொண்டு நீரிலிருந்து விலகுபவை. குளுட்டாமிக் அமிலம் எதிர் மின்சுமையும் லைசின் நேர் மின்சுமையும் தாங்கி நீரை விரும்புபவை. சிஸ்டீனின் கந்தக அணு, தொலைவிலுள்ள இன்னொரு சிஸ்டீனின் கந்தகத்தோடு பாலம் போடக்கூடியது. புரோலினின் பக்கத்தொகுதி திரும்பி வந்து தன் சொந்த நைட்ரஜனோடேயே பிணைந்துகொள்வதால், அது வரும் இடத்தில் சங்கிலி விறைத்துப் போகிறது. பொதுவான பட்டியலில் இருப்பவை 20. செலினோசிஸ்டீன், பைரோலைசின் என்ற இரண்டு சில உயிரிகளில் மட்டும் சிறப்பு ஏற்பாட்டோடு சேர்கின்றன.

இவை எப்படி இணைகின்றன என்பதை 1902-ஆம் ஆண்டு கார்ல்ஸ்பாட் நகரில் நடந்த ஒரே மாநாட்டில் எமில் ஃபிஷரும் ஃபிரான்ஸ் ஹோஃப்மைஸ்டரும் தனித்தனியாக முன்வைத்தார்கள். ஒன்றின் கார்பாக்சில் தொகுதி அடுத்ததன் அமினோ தொகுதியோடு சேர்கிறது. ஒரு நீர் மூலக்கூறு வெளியேறுகிறது. பெப்டைடு பிணைப்பு உருவாகிறது. அப்போதும் அதன் பிறகு பல ஆண்டுகளும், புரதம் என்பது திட்டவட்டமான அமைப்பில்லாத ஒரு கலவை என்று நம்பிய அறிஞர்கள் இருந்தார்கள். ஃபிரெடரிக் சாங்கர் 1950-களின் முதற்பாதியில் இன்சுலினின் 51 அமினோ அமிலங்களையும் வரிசைப்படுத்தி முடித்தபோதுதான், ஒரு புரதத்துக்கு ஒரே ஒரு வரிசை உண்டு, அதில் எந்த இடத்திலும் தற்செயலுக்கு வேலையில்லை என்பது ஐயத்துக்கு அப்பாற்பட்டதாயிற்று.

பாடநூல்கள் புரதச் சங்கிலியை மணிமாலை என்கின்றன. மாணவர்களுக்கு முதல் நாளில் அது உதவும். அதற்கு மேல் அது வழியை மறிக்கிறது. மாலையில் மணிகளுக்குள் ஓடும் நூல் தனியாக இருக்கிறது, மணிகள் அதன்மீது விருப்பப்படி சுழல்கின்றன. புரதத்தில் நூலென்று தனியாக ஒன்றும் இல்லை. ஒவ்வொரு அமினோ அமிலமும் தன் உடலையே கொடுத்து முதுகெலும்பின் ஒரு துண்டாகிறது. அதைவிட முக்கியமாக, எல்லா மூட்டுகளும் சுழல்வதில்லை. பெப்டைடு பிணைப்பில் கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் இடைப்பட்ட தூரம் சுமார் 1.33 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு). சாதாரண ஒற்றைப் பிணைப்பாக இருந்தால் அது 1.47 இருந்திருக்க வேண்டும். பக்கத்திலுள்ள ஆக்சிஜனோடு எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்வதால் அது பாதி இரட்டைப் பிணைப்பாகிவிடுகிறது, சுழல மறுக்கிறது, தன்னைச் சுற்றியுள்ள ஆறு அணுக்களையும் ஒரே தளத்தில் தட்டையாக நிறுத்துகிறது. லைனஸ் பாலிங்கும் ராபர்ட் கோரியும் இந்தத் தட்டைத்தன்மையை விட்டுக்கொடுக்காமல் பிடித்துக்கொண்டதால்தான், ஒரு சுற்றுக்கு 3.6 அமினோ அமிலங்கள் கொண்ட ஆல்ஃபா சுருளை 1951-இல் அவர்களால் சரியாக முன்கணிக்க முடிந்தது. சுற்றுக்கு முழு எண் வர வேண்டும் என்று எதிர்பார்த்துத் தேடிய மற்றவர்கள் அதைத் தவறவிட்டார்கள்.

ஆக, ஒவ்வொரு அமினோ அமிலத்திலும் முதுகெலும்பு சுழலக்கூடிய இடங்கள் இரண்டுதான்: நடுக் கார்பனுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. இந்த இரண்டு கோணங்களையும் ஃபை, சை என்று அழைக்கிறோம். இந்த இரு கோணங்களின் கதையில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு நிலையான இடம் இருக்கிறது. கோ. நா. ராமச்சந்திரன் 1954-இல் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து, தோலிலும் எலும்பிலும் தசைநாணிலும் இருக்கும் கொலாஜன் மூன்று சங்கிலிகள் சேர்ந்து முறுக்கிய அமைப்பு என்று காட்டினார். அந்த அமைப்பில் சில அணுக்கள் இருக்கக்கூடாத அளவுக்கு நெருங்கி நிற்கின்றன என்று அலெக்சாண்டர் ரிச்சும் ஃபிரான்சிஸ் கிரிக்கும் குறை சொன்னார்கள். அந்தக் குறைக்கு மறுப்பு எழுதுவதோடு அவர் நின்றிருக்கலாம். மாறாக, இரண்டு அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கி வரலாம் என்ற கேள்வியையே அவர் எடுத்துக்கொண்டார். அதுவரை வெளியான சிறு மூலக்கூறுகளின் படிக அமைப்புகளையெல்லாம் அலசி, எந்த அணுவும் எந்த அணுவும் எந்தத் தூரத்துக்குள் வருவதில்லை என்ற எல்லைகளை வகுத்தார். பிறகு ஃபை ஒரு அச்சிலும் சை மற்றோர் அச்சிலுமாக ஒரு வரைபடம். ஒவ்வொரு கோண இணைக்கும் அணுக்கள் மோதுகின்றனவா, இல்லையா என்ற கணக்கு. சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் அவர் 1963-இல் வெளியிட்ட அந்த வரைபடத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு நிலம் விலக்கப்பட்ட பகுதி. சங்கிலி அங்கே போகவே முடியாது.

அனுமதிக்கப்பட்ட சிறு தீவுகளில் ஒன்றில் பாலிங்கின் ஆல்ஃபா சுருள் விழுகிறது. இன்னொன்றில் நீட்டிய இழைகள் பக்கம் பக்கமாகப் படுக்கும் பீட்டா தகடும் கொலாஜனின் சுருளும் விழுகின்றன. பக்கத்தொகுதியே இல்லாத கிளைசினுக்கு மட்டும் வரைபடம் அகலத் திறக்கிறது. ஒரு புரதத்தில் திடீர்த் திருப்பம் வரும் இடத்தில் கிளைசினை அடிக்கடி காண்பதற்கு இதுவே காரணம். இன்றும் உலகின் எந்த ஆய்வகத்தில் ஒரு புரதத்தின் அமைப்பு தீர்மானிக்கப்பட்டாலும், அது நம்பத்தக்கதா என்று சோதிக்க முதலில் இந்த வரைபடத்தில்தான் புள்ளிகளை வைத்துப் பார்க்கிறார்கள். மடிப்பின் பெரும்பகுதி, இணைப்பு நிகழும் அந்த நொடியிலேயே, பிணைப்பின் விறைப்பாலும் அணுக்களின் பருமனாலும் வரையறுக்கப்பட்டுவிடுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஒன்றை நான் அறியேன்.

இனி அந்த இணைப்பைச் செல் எப்படிச் செய்கிறது என்பதற்கு வருவோம். இரண்டு அமினோ அமிலங்களை நீரில் போட்டுவைத்தால் அவை தாமாக இணைவதில்லை. நீர் நிறைந்த சூழலில் ஆற்றல் கணக்கு பிணைப்பு முறிவதற்கே சாதகமாக இருக்கிறது. முறிவு மிக மெதுவானது, வினையூக்கி இல்லாவிட்டால் ஒரு பெப்டைடு பிணைப்பு நூற்றாண்டுக் கணக்கில் தாங்கும் என்பதால்தான் நம் உடல் நிலைத்திருக்கிறது. எனவே இணைப்பதற்கு முன்பணமாக ஆற்றலைச் செலுத்தியாக வேண்டும். செல் ஒவ்வொரு அமினோ அமிலத்தையும், தன் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.யின் செலவில் முதலில் ஊக்குவித்து, கடத்து ஆர்.என்.ஏ. என்ற சிறு மூலக்கூறின் நுனியில் ஏற்றிவைக்கிறது. சங்கிலியில் ஓர் அமினோ அமிலம் சேர, இந்த ஏற்றும் வேலைக்கும், சங்கிலியைக் கோக்கும் இயந்திரமான ரைபோசோமின் வேலைக்குமாக, உயர் ஆற்றல் பாஸ்பேட் பிணைப்புகள் நான்கு செலவாகின்றன.

இந்த ஏற்றும் வேலை வகுப்பறைகளில் ஒரே வரியில் கடந்துபோகப்படுகிறது. என் கணிப்பில் முழுச் செயல்முறையிலும் பொறுப்பு மிகுந்த இடம் இதுதான். மரபணுவின் நகலான தூது ஆர்.என்.ஏ.வில் ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்துக் கோடானை, கடத்து ஆர்.என்.ஏ.வின் ஒரு முனையிலுள்ள எதிர்க்கோடான் படிக்கிறது. அமினோ அமிலம் இருப்பதோ மறுமுனையில், சுமார் 75 ஆங்ஸ்ட்ராம் தள்ளி. படிக்கும் முனையும் சுமக்கும் முனையும் ஒன்றையொன்று தொடுவதில்லை. அப்படியானால் சரியான அமினோ அமிலம் சரியான கடத்து ஆர்.என்.ஏ.வில் ஏறியிருக்கிறது என்று யார் உறுதி செய்கிறார்கள்? அமினோஅசைல் கடத்து ஆர்.என்.ஏ. சிந்தெட்டேஸ் என்னும் நொதிகள். பொதுவாக அமினோ அமிலத்துக்கு ஒன்று வீதம் இருக்கும் இவற்றின் சிரமத்தை ஐசோலூசின் ஏற்றும் நொதியில் பார்க்கலாம். ஐசோலூசினுக்கும் வாலினுக்கும் உள்ள வேறுபாடு ஒரே ஒரு கார்பனும் அதைச் சேர்ந்த இரண்டு ஹைட்ரஜன்களும் மட்டுமே. பெரிய மூலக்கூறு நுழையும் குழிக்குள் அதைவிடச் சிறியது நுழைவதை எப்படித் தடுப்பது? தடுக்க முடியாது, ஆகவே அந்த நொதி இரண்டாவதாக ஒரு குழியை வைத்திருக்கிறது. ஐசோலூசின் புக முடியாத அளவுக்குச் சிறிய அந்தக் குழிக்குள் தப்பித் தவறி ஏறிய வாலின் மட்டும் போய்ச் சேர்கிறது, அங்கே வெட்டி நீக்கப்படுகிறது.

இந்தக் கட்டம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை 1962-இல் ஒரு சோதனை காட்டியது. ஃபிரான்சுவா ஷாப்வில், ஃபிரிட்ஸ் லிப்மன், சீமோர் பென்சர் உள்ளிட்டோர், சிஸ்டீன் முறையாக ஏற்றப்பட்ட கடத்து ஆர்.என்.ஏ.வை எடுத்து, ரேனி நிக்கல் என்ற வினையூக்கியால் அந்தச் சிஸ்டீனின் கந்தகத்தை மட்டும் உரித்தெடுத்தார்கள். கந்தகம் போனால் சிஸ்டீன் அலனின் ஆகிவிடும். இப்போது சிஸ்டீனுக்கான எதிர்க்கோடான் ஒரு முனையில், அலனின் மறுமுனையில். இதைப் புரத உற்பத்திக் கலவையில் சேர்த்தபோது, சிஸ்டீன் வர வேண்டிய இடங்களில் அலனின் போய் உட்கார்ந்தது. தனக்குக் கொண்டுவரப்பட்ட அமினோ அமிலம் எது என்று ரைபோசோம் பார்க்கவே இல்லை. மரபணுவின் மொழிக்கும் புரதத்தின் மொழிக்கும் இடையில் அர்த்தத்தைக் காப்பவை அந்தச் சிந்தெட்டேஸ் நொதிகள் என்பது ஒரே வீச்சில் தெளிவானது. கோடான்களில் எது எந்த அமினோ அமிலத்தைக் குறிக்கிறது என்பதை மார்ஷல் நிரன்பர்கும் ஹைன்ரிக் மத்தாயும் முந்தைய ஆண்டுதான் அவிழ்க்கத் தொடங்கியிருந்தார்கள். ஹர் கோபிந்த் குரானா உள்ளிட்டோரின் உழைப்பால் 64 கோடான்களின் அட்டவணையும் 1960-களிலேயே நிறைவடைந்தது. அந்த அட்டவணையைத் தெரிந்த அளவுக்கு ஷாப்வில்லின் சோதனை வெளியே தெரியவில்லை என்பதில் எனக்கு வருத்தமுண்டு.

ரைபோசோம் அமினோ அமிலத்தைப் பார்ப்பதில்லை என்றாலும், கோடானும் எதிர்க்கோடானும் பொருந்துவதை மிகக் கூர்ந்து பார்க்கிறது. ரைபோசோம் சிறியதும் பெரியதுமான இரண்டு துணையலகுகளால் ஆனது. வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனின் குழு சிறிய துணையலகின் படிக அமைப்பில் இதைக் காட்டியது: சரியான இணை உருவானதும், ரைபோசோமின் சொந்த ஆர்.என்.ஏ.விலிருந்து அடினின் என்னும் காரங்கள் இரண்டு வெளியே புரண்டு வந்து, அந்தச் சிறு இரட்டைச்சுருளின் குறுகிய பள்ளத்தைத் தடவிப் பார்க்கின்றன. முதல் இரண்டு எழுத்துகளும் சரியாகப் பொருந்தியிருந்தால்தான் அவை அங்கே நன்றாக அமரும். அதன் பிறகே கடத்து ஆர்.என்.ஏ. முழுமையாக உள்ளே அனுமதிக்கப்படுகிறது.

பெரிய துணையலகில் பிணைப்பு நடக்கிறது. இங்கே வழக்கமான விவரிப்பு ஒரு விஷயத்தைத் தலைகீழாக்கிவிடுகிறது. புதிய அமினோ அமிலம் வந்து சங்கிலியின் முனையில் ஒட்டிக்கொள்வதாக நாம் சொல்கிறோம். உண்மையில் நகர்வது சங்கிலி. அதுவரை வளர்ந்த முழுச் சங்கிலியும் பழைய கடத்து ஆர்.என்.ஏ.வில் எஸ்டர் பிணைப்பால் தொங்கிக்கொண்டிருக்கிறது. புதிதாக வந்த அமினோ அமிலத்தின் நைட்ரஜன், தன்னிடமுள்ள இணை எலக்ட்ரான்களால் அந்த எஸ்டரின் கார்பனைத் தாக்குகிறது. பழைய பிணைப்பு அறுகிறது, சங்கிலி மொத்தமும் புதியவரின் மேல் வந்து ஏறுகிறது, வெறுங்கையான பழைய கடத்து ஆர்.என்.ஏ. வெளியேறுகிறது. பாக்டீரியாவில் இது நொடிக்குச் சுமார் 15 முதல் 20 தடவை நடக்கிறது. நம் செல்களில் ஐந்தாறு தடவை. பிழையோ ஆயிரத்துக்கு ஒன்று முதல் பத்தாயிரத்துக்கு ஒன்று வரை.

இந்த வினையை நடத்துவது எந்தப் புரதம் என்று பலர் நெடுங்காலம் தேடினார்கள். ஹாரி நோலர் 1992-இல் ரைபோசோமின் பெரிய துணையலகிலிருந்து புரதங்களை மிகக் கடுமையாக அகற்றிய பிறகும் பிணைப்பு வினை நடப்பதைக் காட்டினார். 2000-ஆம் ஆண்டு தாமஸ் ஸ்டைட்ஸ், பீட்டர் மூர் ஆகியோரின் குழுக்கள் சாக்கடலின் உப்புநீரில் வாழும் ஒரு நுண்ணுயிரியின் பெரிய துணையலகை 2.4 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில் படம்பிடித்தபோது, பிணைப்பு நடக்கும் இடத்திலிருந்து சுமார் 18 ஆங்ஸ்ட்ராம் தூரத்துக்கு எந்தப் புரதமும் இல்லை. சுற்றிலும் ஆர்.என்.ஏ. மட்டுமே. புரதங்கள் யாவற்றையும் உண்டாக்கும் இயந்திரத்தின் மையத்தில் புரதம் இல்லை. புரதங்கள் தோன்றுவதற்கு முந்தைய உலகின் தடயமாக அது இன்னும் ஒவ்வொரு செல்லிலும் இயங்கிக்கொண்டிருக்கிறது என்பதே அதற்குச் சிறந்த விளக்கம். ரைபோசோம் படிகங்களைப் பலர் இயலாத காரியம் என்று ஒதுக்கிய 1980-களிலேயே வளர்க்கத் தொடங்கிய அடா யோனத்தும், ஸ்டைட்ஸும், ராமகிருஷ்ணனும் 2009-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

பிணைப்பு உருவான இடத்திலிருந்து சங்கிலி ஒரு சுரங்கத்துக்குள் நுழைகிறது. 80 முதல் 100 ஆங்ஸ்ட்ராம் நீளமுள்ள அதற்குள் 30 முதல் 40 அமினோ அமிலங்கள் அடங்கும். சுரங்கம் குறுகியதுதான், ஆனாலும் ஆல்ஃபா சுருள் ஒன்று உள்ளேயே சுருண்டுகொள்ளுமளவுக்கு அகலம் உண்டு. அமினோ முனை முதலில் பிறந்து முதலில் வெளியே வருகிறது. கார்பாக்சில் முனை கடைசி. 300 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு புரதத்தை நம் செல் உருவாக்க ஒரு நிமிடத்துக்கு அருகில் ஆகும். சிறிய புரதங்கள் நொடிக்கும் குறைவான நேரத்தில் மடியக்கூடியவை. ஆகையால் சங்கிலியின் பின்பாதி பிறக்காதபோதே முன்பாதி வெளியே வந்து மடிய ஆரம்பித்துவிடுகிறது.

அது மடிவதற்கான உந்துதல் எங்கிருந்து வருகிறது? சங்கிலிக்குள்ளிருக்கும் ஏதோ ஒரு கவர்ச்சி என்றுதான் முதலில் தோன்றும். பெரும்பங்கு அதைச் சூழ்ந்திருக்கும் நீரிலிருந்து வருகிறது. எண்ணெய்த் தன்மையுள்ள பக்கத்தொகுதி ஒன்று நீருக்குள் நீட்டிக்கொண்டிருந்தால், அதைச் சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகள் தம் ஹைட்ரஜன் பிணைப்புகளைக் காப்பாற்றிக்கொள்ள ஒழுங்கான வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது. அந்தப் பக்கத்தொகுதிகள் ஒன்றுகூடி உள்ளே ஒதுங்கிவிட்டால், நின்ற நீர் விடுதலை பெற்றுக் கலைந்துபோகிறது. நீரின் இந்தக் கட்டற்ற நிலையே சங்கிலியைச் சுருட்டுகிறது. வால்டர் காசுமன் 1959-இல் இதை விரிவாக எழுதினார். அப்படிச் சுருண்ட பிறகும் புரதம் பெரிய உறுதியோடு நிற்பதில்லை. மடிந்த நிலைக்கும் மடியாத நிலைக்கும் இடையிலான வேறுபாடு பெரும்பாலும் மோலுக்கு 5 முதல் 15 கிலோகலோரிதான், ஒரு சில ஹைட்ரஜன் பிணைப்புகளின் அளவு. ஒவ்வொரு புரதமும் அவிழ்ந்துபோவதற்கு மிக அருகில்தான் வாழ்கிறது.

வரிசை மட்டும் இருந்தால் வடிவம் தானாக வருமா என்ற கேள்விக்குக் கிறிஸ்டியன் அன்ஃபின்சன் தந்த விடை இத்துறையின் அடித்தளம். 124 அமினோ அமிலங்கள் கொண்ட ரைபோநியூக்ளியேஸ் என்ற நொதியை அவர் எடுத்துக்கொண்டார். அதில் எட்டுச் சிஸ்டீன்கள் நான்கு கந்தகப் பாலங்களாக இணைந்திருக்கின்றன. மடிப்பைக் குலைக்கும் அடர்த்தியான யூரியாவிலும், கந்தகப் பாலங்களை அறுக்கும் மெர்காப்டோஎத்தனாலிலும் அது முழுவதுமாக அவிழ்ந்தது, செயல் இழந்தது. அவை இரண்டையும் மெல்ல நீக்கிக் காற்றுப்பட விட்டபோது ஏறக்குறைய முழுச் செயலும் திரும்பியது. எட்டுச் சிஸ்டீன்கள் இணைசேர 105 வழிகள் உண்டு. அவற்றில் சரியான ஒன்றை அந்தச் சங்கிலி, செல்லின் உதவியேதும் இல்லாமல், கண்ணாடிக் குழாய்க்குள் தானே கண்டுகொண்டது. நான் அதிகம் மதிப்பது இதன் இரண்டாம் பகுதியை. யூரியா இருக்கும்போதே, அதாவது சங்கிலி தன் வடிவத்தை எட்ட முடியாத நிலையில், கந்தகப் பாலங்களைப் போட அவர்கள் அனுமதித்துப் பார்த்தார்கள். பாலங்கள் தாறுமாறாக விழுந்தன, செயல் சுமார் ஒரு சதவிகிதம். பிறகு யூரியாவை நீக்கி, மிகச் சிறிதளவு மெர்காப்டோஎத்தனாலைச் சேர்த்ததும், தவறான பாலங்கள் ஒவ்வொன்றாக அறுந்து மாறி, சில மணி நேரத்தில் சரியான வடிவம் மீண்டது. வடிவம் பாலங்களைத் தேர்ந்தெடுக்கிறது. பாலங்கள் வடிவத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை.

ஆனால் சைரஸ் லெவிந்தால் 1969-இல் ஒரு கணக்கைக் கேட்டார். 100 அமினோ அமிலங்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்றே நிலைகள் என்று வைத்தாலும், மொத்த வடிவங்கள் 5 என்ற எண்ணுக்குப் பின் 47 பூஜ்யங்கள். நொடிக்குப் பத்து லட்சம் கோடி வடிவங்களைச் சோதித்தாலும் பிரபஞ்சத்தின் வயதே போதாது. எனவே சங்கிலி தேடி அலைவதில்லை. அருகருகே உள்ள பகுதிகள் முதலில் சுருளாகவும் திருப்பமாகவும் அமைந்து, எண்ணெய்ப் பக்கத்தொகுதிகள் குவிந்து, ஒவ்வொரு படியிலும் எஞ்சிய வாய்ப்புகளைக் குறைத்துக்கொண்டே இறங்குகிறது. எந்தப் படி முன்னால், எது பின்னால் என்பது இங்கே முக்கியமாகிவிடுகிறது.

வரலாறு முக்கியம் என்பதற்குச் சாங்கரின் இன்சுலினே சாட்சி. 21-உம் 30-உம் அமினோ அமிலங்கள் கொண்ட இரண்டு சங்கிலிகள் கந்தகப் பாலங்களால் இணைந்த மூலக்கூறு அது. அதன் பாலங்களை அறுத்துவிட்டால், ரைபோநியூக்ளியேஸைப் போல அது எளிதில் தன் நிலைக்குத் திரும்புவதில்லை. செல் அதை இரண்டு சங்கிலிகளாகச் செய்யவே இல்லை என்பதே காரணம். 86 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரே சங்கிலியாக, புரோஇன்சுலினாக, அது மடிகிறது, பாலங்கள் விழுகின்றன, அதன் பிறகு நடுத்துண்டு வெட்டி எடுக்கப்படுகிறது. வெட்டப்பட்ட துண்டு மடிப்புக்குத் தேவையாயிருந்தது, மடிந்த பொருளில் அது இல்லை. இன்சுலினின் இறுதி வரிசையை மட்டும் வைத்துக்கொண்டு அது எப்படி உருவாயிற்று என்பதை யாராலும் ஊகித்திருக்க முடியாது.

செல்லின் உட்புறம் கண்ணாடிக் குழாயைப் போல் காலியானதும் இல்லை. புரதங்கள் நெருக்கியடித்துக் கிடக்கும் அங்கே, பாதி மடிந்த சங்கிலியின் எண்ணெய்ப் பகுதி இன்னொரு சங்கிலியின் எண்ணெய்ப் பகுதியோடு ஒட்டிக்கொள்ளும் ஆபத்து எப்போதும் இருக்கிறது. சுரங்கத்தின் வாயிலிலேயே காத்திருக்கும் சாப்பரோன் என்னும் துணைப்புரதங்கள் அந்தப் பகுதிகளைத் தற்காலிகமாகப் போர்த்திவைக்கின்றன. பாக்டீரியாவின் குரோ-ஈ.எல். ஏழேழு துணையலகுகள் கொண்ட இரண்டு வளையங்கள் அடுக்கிய பீப்பாய். மடிய முடியாமல் தவிக்கும் சங்கிலியை உள்ளே வாங்கி, மூடியிட்டு, சில நொடிகள் தனிமை தந்து வெளியே விடுகிறது. எப்படி மடிய வேண்டும் என்று அது சொல்லித்தருவதில்லை.

ஒரே ஓர் அமினோ அமிலம் மாறினால் என்னவாகும் என்பதற்கு அரிவாள் செல் சோகை எல்லாப் புத்தகத்திலும் உண்டு. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியிலுள்ள 146-இல் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக வாலின். இங்கே மடிப்பு கெடுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். புரதம் சரியாகவே மடிந்து, ஆக்சிஜனையும் சுமக்கிறது. ஆக்சிஜனை விட்டதும், மேற்பரப்பில் தெரியும் அந்த எண்ணெய்த் தன்மையுள்ள வாலின் பக்கத்து மூலக்கூறின் குழியொன்றில் பொருந்தி, நீண்ட இழைகளாகக் கோத்துக்கொண்டு சிவப்பணுவை வளைக்கிறது.

காலவரிசையின் கண்டிப்பைக் காட்ட நான் எப்போதும் எடுத்துக்கொள்வது கொலாஜனை. அதில் ஒவ்வொரு மூன்றாவது இடமும் கிளைசின். மூன்று சங்கிலிகள் சந்திக்கும் அச்சில் வேறெந்தப் பக்கத்தொகுதிக்கும் இடமில்லை. புரோலின்களில் பலவற்றின்மேல் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி ஏற வேண்டும். அதற்கென்று கோடான் கிடையாது. சங்கிலியில் புரோலினாகச் சேர்ந்த பிறகே ஒரு நொதி அதை மாற்றுகிறது, அந்த நொதியின் இரும்பு அணுவைச் செயல்நிலையில் வைத்திருக்க வைட்டமின் சி வேண்டும். ஹைட்ராக்சில் இல்லாத முப்புரிச் சுருள் சுமார் 24 டிகிரி செல்சியஸிலேயே அவிழ்ந்துவிடும், உடலின் வெப்பத்தில் அது நிற்காது. ஸ்கர்வி நோயில் ஈறு கசிவதும், ஆறிய பழைய புண்கள் திறப்பதும் இதனால்தான். அந்த நொதியோ மடியாத சங்கிலியில் மட்டுமே வேலை செய்யும். மூன்று சங்கிலிகளும் முறுக்கிக்கொண்டுவிட்டால் அதனால் நெருங்க முடியாது. எனவே சங்கிலி பிறப்பதற்கும் முறுக்கிக்கொள்வதற்கும் இடைப்பட்ட அவகாசத்தில் அது முடித்தாக வேண்டும். அவகாசம் நீண்டுபோவதும் ஆபத்தே. ஒரு கிளைசின் மாறி வேறொன்று வந்துவிட்டால், கார்பாக்சில் முனையிலிருந்து முன்னோக்கி ஏறும் முறுக்கு அந்த இடத்தில் தயங்கி நிற்கிறது; அதற்கப்பால் முறுக்கப்படாமல் கிடக்கும் பகுதியில் நொதிகள் மேலும் மேலும் வேலை செய்து அளவுக்கு மீறி மாற்றிவிடுகின்றன. எலும்புகள் எளிதில் நொறுங்கும் பிறவி நோய்களில் பல இப்படி நேர்கின்றன.

வரிசையைக் கொடுத்தால் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு 2020-இல் அடைந்த துல்லியம் உண்மையிலேயே பெரிய சாதனை; டெமிஸ் ஹசாபிஸும் ஜான் ஜம்பரும், புதிய புரதங்களை வடிவமைத்த டேவிட் பேக்கரும் 2024-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றதில் எனக்கு முழு மகிழ்ச்சி. அதோடு புரத மடிப்புச் சிக்கல் தீர்ந்துவிட்டது என்று சிலர் சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை. அது சங்கிலி போய்ச் சேரும் இடத்தைச் சொல்கிறது, போகும் வழியைச் சொல்வதில்லை. வழி எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2007-இல் வெளியான ஓர் ஆய்வு இருக்கிறது. செல்லிலிருந்து மருந்துகளை வெளியேற்றும் பி-கிளைக்கோபுரோட்டீன் என்ற புரதத்தின் மரபணுவில், அமினோ அமிலத்தை மாற்றாத ஓர் எழுத்து மாற்றம். பழைய கோடானுக்கும் புதியதற்கும் பொருள் ஒன்றே. ஆனால் புதியது அரிதாகவே பயன்படும் கோடான். அரிதான கோடானில் ரைபோசோம் சற்றே தாமதிக்கும், அந்தத் தாமதத்தில் வெளியே இருக்கும் பகுதி வேறுவிதமாக அமரக்கூடும் என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். முதல் அமினோ அமிலத்திலிருந்து கடைசி வரை ஒரே வரிசை கொண்ட அந்த இரண்டு புரதங்களும், சில மருந்துகளையும் தடுப்பான்களையும் கையாண்ட விதத்தில் வேறுபட்டன.